கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் ஏழெட்டு திகில் கேம்களின் முடிவுகளைப் போட்டு உடைத்திருக்கிறேன். இன்னும் விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

2017-இல் வந்த லிட்டில் நைட்மேர்ஸ் கேமின் பிற்பகுதியில் ஓர் இடம். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட சிறுமி சிக்ஸ், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வருகிறாள். பசி. இதற்கு முன்பும் மூன்று தடவை அவளுக்கு இப்படி வந்திருக்கிறது. முதல் தடவை ஒரு குழந்தை ரொட்டித் துண்டை எறிந்தது. அடுத்த தடவை பொறியில் வைத்திருந்த இறைச்சி. மூன்றாவது, உயிரோடு ஓர் எலி. இப்போது நான்காவது. எதிரே கூம்புத் தலையோடு நோம் என்ற குட்டி உயிர் ஒன்று நின்று ஒரு சாசேஜை நீட்டுகிறது. கேம் முழுக்க இந்த நோம்களைத் தேடிப் பிடித்துக் கட்டி அணைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அப்பாடா, இந்தத் தடவை சாசேஜ்தான் என்று மூச்சு விடுகிற நேரத்தில் சிக்ஸ் சாசேஜை விட்டுவிட்டு நோமின் மேல் பாய்கிறாள்.

அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. பயத்தால் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் தியரி எழுதிக்கொண்டிருந்தேன். கதை நடக்கும் கப்பலை ஆளும் சீமாட்டிதான் சிக்ஸின் தாய் என்பது என் கட்சி. அவள் அறைகளில் கண்ணாடிகள் எல்லாம் ஏன் உடைந்து கிடக்கின்றன? கடைசிச் சண்டையில் ஏன் ஒரு முழுக் கண்ணாடிதான் அவளுக்கு எதிரான ஆயுதம்? தன் முகத்தில் மகளின் முகம் தெரிகிறது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால்தான். நோட்டில் நான்கு பக்கம், அம்புக்குறிகளோடு. டிஎல்சி, அதாவது கேம் வெளியான பிறகு தனியாகத் தருகிற கூடுதல் கதை, வரும், அதில் சீமாட்டியின் இளமைக் காலம் வரும் என்று முடித்து, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

டிஎல்சி வந்தது. மூன்று பாகம். கதாநாயகன் யாரோ ஒரு பையன். பெயர்கூடக் கிடையாது, வெறுமனே ‘கிட்’. இவனை யார் கேட்டது என்று எரிச்சலோடுதான் விளையாடினேன். 2018 பிப்ரவரியில் வந்த மூன்றாம் பாகத்தின் கடைசியில் சீமாட்டி அந்தப் பையனைப் பிடித்து ஒரு நோமாக மாற்றிவிடுகிறாள். குட்டை உருவமாகி, கூம்புத் தலையோடு, அவன் மற்ற நோம்களுக்கு நடுவே மெல்ல நடக்கிறான். நடந்து நடந்து ஓர் அறைக்கு வருகிறான். அங்கே ஒரு சாசேஜ் இருக்கிறது.

அதற்கு மேல் கேம் எதுவும் காட்டுவதில்லை. காட்டத் தேவையும் இல்லை. மீதியைப் பத்து மாதம் முன்பே என் கையால் நானே செய்து முடித்திருந்தேன்.

என் நான்கு பக்கத்தில் ஒரு வரி தேறவில்லை. அது பரவாயில்லை. நான் கேள்வியையே தப்பாகப் போட்டிருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது. ‘அடுத்து என்ன’, ‘இதற்கு முன்னால் என்ன’ என்றே யோசித்திருந்தேன். வந்த கதையோ ‘அங்கே வேறு யார் இருந்தார்கள்’ என்று கேட்டது. அந்த நாளிலிருந்து திகில் கேம்களின் கூடுதல் கதைகளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால், பாதிக்கு மேல் இதே கேள்விதான்.

அவுட்லாஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். மைல்ஸ் என்ற நிருபருக்குப் பெயரில்லாத ஒரு மின்னஞ்சல் வருகிறது; அதை நம்பி ஒரு மனநல விடுதிக்குள் நுழைகிறார். அங்கிருந்துதான் கேம் தொடங்குகிறது. 2014-இல் வந்த விசில்ப்ளோயர் டிஎல்சி, அந்த மின்னஞ்சலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வெய்லன் என்ற மென்பொருள் ஆளிடம் தொடங்குகிறது. அனுப்பிய கையோடு மாட்டிக்கொள்கிறார், உள்ளேயே நோயாளியாக அடைக்கப்படுகிறார். கடைசியில் அவர் தப்பிப்பது மைல்ஸ் வந்த ஜீப்பில். மூலக் கதையின் முடிவில் மைல்ஸ் செத்தாரா இல்லையா என்று நடந்த சண்டைக்கு, ஜீப்பைத் திருப்பும் வெய்லனின் கண் வழியாகத்தான் பதில் கிடைத்தது. லேயர்ஸ் ஆஃப் ஃபியரில் பைத்தியம் முற்றிய ஓவியனாக அந்த வீட்டைச் சுற்றினோம். அதன் டிஎல்சியில், வளர்ந்துவிட்ட மகள் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். நினைவுகளில் மேசை எல்லாம் தலைக்கு மேலே தெரிகிறது, குழந்தையின் உயரம். தி ஈவில் விதினில் நாயகன் செபாஸ்டியனோடு வந்து பாதியில் காணாமல்போகிற கிட்மேனுக்கு இரண்டு டிஎல்சி.

இதில் ஒரு பங்கு கணக்கு வழக்குதான், அதை மறைக்க வேண்டியதில்லை. கேம் வெளியான பிறகு புதிதாக ஒரு நகரம் கட்டப் பணமும் இருக்காது, ஆளும் இருக்காது. கட்டிய வீடு இருக்கிறது, வரைந்த பூதங்கள் இருக்கின்றன. அதே வீட்டில் வேறு ஒருவரை நடக்கவிடுவது மலிவு. மூலக் கதையின் நாயகனோ பெரும்பாலும் செத்திருப்பான், அல்லது நாலைந்து முடிவுகளாகப் பிரிந்திருப்பான். அவனை வைத்து மேற்கொண்டு எழுதினால் எந்த முடிவு உண்மை என்று சொல்லியாக வேண்டும். எந்த ஸ்டுடியோவுக்கு அந்த வம்பு வேண்டும்?

ஆனால் உளவியல் திகிலுக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. இந்த வகைக் கேம்கள் நம்மை ஒரே ஒரு மண்டைக்குள் அடைத்துவைக்கின்றன. பார்ப்பது நிஜமா, இவன் மனம் செய்கிற வேலையா என்பதுதான் முழுப் பயமும். அந்த மண்டைக்குள்ளேயே இருந்துகொண்டு அதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. வெளியிலிருந்து இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். சிக்கலும் அங்கேதான். அந்த இன்னொருவரும் அதே பூதத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் போச்சு. மீதி இருப்பது வெறும் பூதம். அவர் எதையும் பார்க்கவில்லை என்றாலும் சந்தேகம் போச்சு. மீதி இருப்பது ஒரு நோயாளி. இரண்டு பக்கமும் விழாமல் நடுக்கம்பியில் நடக்கிற டிஎல்சிகள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

அப்படி நடந்த ஒன்று, இந்த வகையிலேயே மூத்தது. சைலன்ட் ஹில் 2.

2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தபோது அதில் ஜேம்ஸின் கதை மட்டும்தான் இருந்தது. இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பனி மூடிய ஊருக்கு வருகிறான். அங்கே மேரியின் அச்சாக, ஆனால் வேறு உடையும் வேறு பேச்சுமாக மரியா என்று ஒருத்தி. கேம் முடிவதற்குள் நமக்குப் புரிந்துவிடுகிறது: நோயில் கிடந்த மேரியைக் கொன்றது ஜேம்ஸேதான், மரியா அவன் ஆசைக்கும் குற்றவுணர்ச்சிக்கும் பிறந்தவள். கச்சிதமான விடை. அதே ஆண்டின் இறுதியில் வந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் ‘பார்ன் ஃப்ரம் எ விஷ்’ என்று ஒரு சிறு கதையைச் சேர்த்து அந்தக் கச்சிதத்தைக் கலைத்துவிட்டார்கள்.

அதில் நாம் மரியா. ஜேம்ஸைச் சந்திப்பதற்கு முன்னால். கையில் துப்பாக்கி, சாகலாமா என்ற யோசனை, ஊரில் ஒரு மனிதத் தலை இல்லை. ஒரு பெரிய பழைய மாளிகைக்குள் நுழைகிறாள். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து எர்னஸ்ட் என்ற ஒருவர் பேசுகிறார். முகம் காட்டுவதில்லை. இறந்துபோன தன் சிறு மகளுக்காக ஏதோ சடங்கு செய்யப் பார்க்கிறார், அதற்கு வேண்டிய பொருளைத் தேடி எடுத்துவரச் சொல்கிறார். அவள் கொண்டுவருகிற அந்த வெள்ளைத் திரவம், ஜேம்ஸ் தன் மனைவியை உயிர்ப்பிக்கப் புறப்படும் ‘ரீபெர்த்’ முடிவுக்கும் தேவைப்படுகிற அதே பொருள். கடைசியில் கதவு திறக்கிறது. அறையில் யாரும் இல்லை. வெளியே வந்து துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கிறாள், பிறகு தூக்கி எறிந்துவிட்டு ஜேம்ஸை நோக்கிப் போகிறாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகாத கதை. அது கிளப்பிய சண்டை இருபது வருடத்துக்கு மேல் ஓடுகிறது. மரியா ஜேம்ஸின் கற்பனை என்றால், ஜேம்ஸ் இல்லாத இடத்தில் அவளுக்கு ஏது தனிமை? ஏது சாவு ஆசை? பிறந்து சில மணி நேரமே ஆன ஒருத்திக்கு வெற்று அறையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது என்றால், மாயையும் மாயை காணுமா? நான் இதில் மரியா கட்சி. அவளைப் படைத்தது யாராக இருந்தாலும், படைத்த பிறகு அவளுக்கு வலித்தது. இதைச் சொன்னால் ‘அப்படியென்றால் ஊருக்கே மந்திர சக்தி என்று ஆகிவிடும், ஜேம்ஸின் மனப் போராட்டம் நீர்த்துப்போகும்’ என்று எதிர்க்கட்சி சொல்லும். அதுவும் நியாயம்தான். ஆனால் மூலக் கதையிலேயே எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது.

எரியும் மாடிப்படி. ஜேம்ஸ் அந்த ஊரில் சந்திக்கிற ஏஞ்சலா என்ற பெண் படியில் நிற்கிறாள், சுற்றிலும் தீ. ஜேம்ஸ் உள்ளே வந்து, நரகம்போல் தகிக்கிறது என்கிறான். அவள் திரும்பி, உனக்கும் தெரிகிறதா என்பதுபோலக் கேட்கிறாள். எனக்கு எப்போதுமே இப்படித்தான் என்கிறாள். அப்புறம் தீக்குள் ஏறிப் போய்விடுகிறாள். அத்தனை மணி நேரம் ஜேம்ஸின் பனியும் ஜேம்ஸின் துருவும் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த ஒரு நிமிடம் வேறு ஒருத்தியின் ஊர் கண்ணில் படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு சைலன்ட் ஹில் உண்டு, அவை சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வரக்கூடிய எல்லா டிஎல்சிகளுக்குமான விதை இந்தப் படிக்கட்டில் இருக்கிறது. ஏஞ்சலாவை வைத்துக் கதை வேண்டும் என்று கேட்பவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அவள் அனுபவித்த கொடுமை என்னவென்று நமக்குத் தெரியும். அதற்குள் கன்ட்ரோலரோடு நுழைந்து என்ன செய்யப் போகிறோம்?

2024 அக்டோபரில் ரீமேக் வந்ததும் தியரிக்காரர்களுக்குத் திருவிழா. மரியாவின் கதை மறுபடி வருமா என்ற பேச்சு முதல் நாளே தொடங்கிவிட்டது. ஆனால் எல்லாரையும் உட்காரவைத்தது வேறு ஒன்று: ஊர் முழுக்க சிதறிக் கிடந்த 26 விசித்திரப் புகைப்படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்தில் ஒரு வரி. படத்தில் குறிப்பிட்ட பொருள் எத்தனை இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணுக்குரிய எழுத்தை வரியிலிருந்து எடுத்துக் கோத்தால் ஓர் ஆங்கில வாக்கியம் கிடைக்கிறது. சில வாரத்திலேயே ஒரு ரசிகர் அவிழ்த்துவிட்டார். தமிழில் சொன்னால்: ‘நீ இங்கே வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன.’

ஆங்கில வாக்கியத்தின் எழுத்துகளை நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக 26. முதுகு சில்லிட்டது நிஜம். ஜேம்ஸ் திரும்பத் திரும்ப இதே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறான், முடிவுகள் எல்லாமே நடந்தவைதான் என்ற லூப் தியரிக்கு இதைவிடப் பெரிய தீனி கிடைக்காது. 2001-லேயே ஓர் அடுக்குமாடி அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு பிணம் கிடக்கும். அதற்கு ஜேம்ஸின் உருவத்தையே பயன்படுத்தியிருந்தார்கள். அன்று சிக்கனம் என்று சிரித்தவர்கள் இன்று சாட்சி என்கிறார்கள். எனக்கு இன்னொரு வாசிப்புதான் பிடித்தது. அந்த ‘நீ’ ஜேம்ஸ் இல்லை. 2001-இல் இந்த ஊருக்குள் வந்து, இன்னும் வெளியே போகாமல், புகைப்படத்தில் ஜன்னல் எண்ணிக்கொண்டிருக்கிற நாம்தான்.

தியரி என்பது எப்போதும் இப்படி மகிழ்ச்சியாக முடிவதில்லை. டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப்புக்கு நடந்த கதை தெரியுமா?

2017 செப்டம்பரில் இலவசமாக வந்த கேம். பார்க்க இனிப்பான பள்ளிக் காதல் கதை. கொஞ்ச நேரத்தில் மோனிகா என்ற பெண்ணுக்குத் தான் ஒரு கேமுக்குள் இருப்பது தெரியும் என்பதும், கிளப்பின் மற்ற மூன்று பெண்களையும் அவள்தான் சிதைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் வெளிவரும். அவளை நிறுத்த ஒரே வழி, கேமை விட்டு வெளியே வந்து, கணினியின் கோப்புறையைத் திறந்து, அவள் பெயரில் இருக்கும் கோப்பை அழிப்பது. அந்தக் கோப்புறைக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? நால்வரின் கோப்புகளையும் குடைந்தார்கள். சயோரியின் கோப்பு உண்மையில் ஓர் ஒலிக்கோப்பு; அதன் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் ஒரு கியூஆர் கோடு. நட்சுகியுடையது ஒரு படம்; வளைந்திருப்பதை நேராக்கி நிறத்தைத் திருப்பிப் போட்டால் ஒரு பெண்ணின் முகம். யூரியுடையது குறியாக்கம் செய்த ஒரு கதை. மோனிகாவுடையது நடுவில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள படம். கட்டங்களை ஒன்றும் பூஜ்யமுமாக வாசித்தால் அதற்குள் ஒரு செய்தி.

இவற்றையெல்லாம் ஒட்டி ரசிகர்கள் எழுப்பிய மாளிகைக்குப் பெயர் ‘ப்ராஜெக்ட் லிபிடினா’. லிபிடினா, பழைய ரோமானியர்களின் ஈமச் சடங்குத் தெய்வம். ஏதோ ஒரு ரகசிய ஆய்வு, அதில் சிக்கிய ஒரு பெண், அடுத்த கேம் அதைப் பற்றித்தான். நானும் இரண்டு இரவு அந்த ஒலிக்கோப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினேன். நிரலின் அமைப்பைத் தப்பாக வைத்து வெறும் பச்சைக் கறையைத்தான் பார்த்தேன் என்பது தனிக் கதை.

2021 ஜூன் 30 அன்று டோக்கி டோக்கி லிட்ரேச்சர் கிளப் பிளஸ் வந்தது. கூடுதல் கதைகளோடு. திறந்து பார்த்தால் அத்தனையும் நட்பு. சயோரியும் மோனிகாவும் கிளப்பை எப்படி ஆரம்பித்தார்கள், கூச்ச சுபாவம் கொண்ட யூரி எப்படி வந்து சேர்ந்தாள், கோபக்கார நட்சுகியோடு எப்படி ஒத்துப்போனார்கள். தலைப்புகளே நம்பிக்கை, புரிதல், மரியாதை என்று போகின்றன. ரத்தமும் இல்லை, திரை கிழிவதும் இல்லை. ‘எங்கே லிபிடினா?’ என்று ஒரு கூட்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்தது. கேமைச் சுற்றி ஒரு போலி இயங்குதளமும், ஏதோ ஒரு நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்களும் வைத்திருந்தார்கள். தியரிக்காரர்கள் அந்த எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

நான் அந்த நட்புக் கதைகளிலேயே தங்கிவிட்டேன். முதலில் ஏமாற்றமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது கதையில்தான் உறைத்தது: இங்கே நாம் இல்லை. மூலக் கேமில் எல்லாருமே ‘நம்மை’ காதலிக்கத் துடித்தார்கள், நம் பார்வைக்காக ஒருத்தியை ஒருத்தி அழித்தாள். இந்தக் கதைகளில் நம் பாத்திரமே கிடையாது. அந்த ஒரு ஜோடிக் கண்ணை எடுத்துவிட்டதும் பெண்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார்கள். மோனிகாகூட நல்ல பெண். பூதம் யார் என்று கேம் நேராகச் சொல்லவில்லை. அவ்வளவு ரகசியக் கோப்புகளைக் குடைந்த கூட்டத்தில், கண்ணுக்கு நேரே இருந்த இந்த ஒன்றைப் பேசியவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

என் ‘வேறு யார் இருந்தார்கள்’ சூத்திரத்துக்கு அடங்காதவையும் உண்டு. 2010-இல் ஆலன் வேக் என்ற கேமுக்கு வந்த இரண்டு டிஎல்சிகளிலும் எழுத்தாளர் ஆலன் வேக்கேதான் நாயகன். ஏரிக்கு அடியில், தன் மனதுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறார். ஆனால் எதிரி யார் என்று பாருங்கள்: தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருக்கிற இன்னொரு ஆலன், பயத்தில் புத்தி பேதலித்த பாதி. வெளியாள் கிடைக்காததால் ஆளையே இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். சூத்திரத்தை நான் வளைக்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், கொஞ்சம் வளைக்கிறேன்.

2023-இல் இரண்டாம் பாகம் வந்த பிறகு, அதன் நாயகி சாகாவின் மகள் என்ன ஆனாள், கதவுகளின் நாயகன் மிஸ்டர் டோர் யாருக்கு என்ன உறவு என்று தியரிகள் குவிந்தன. 2024 அக்டோபரில் வந்த ‘தி லேக் ஹவுஸ்’ அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூலக் கதையில் சிறிது நேரம் வந்துபோகிற அரசு அதிகாரி எஸ்டவெஸ், ஏரிக்கரையிலிருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் போகிறார். கணவன் மனைவியான இரண்டு விஞ்ஞானிகள் அங்கே, கலையை நிஜமாக்கும் ஏரியின் சக்தியை எந்திரத்தில் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஓர் அறையில் வரிசை வரிசையாகத் தட்டச்சு இயந்திரங்கள், ஆள் இல்லாமல் தாமாகவே ஆலனின் நடையில் பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டிருக்கின்றன. சுவரில் பூசிய சாயத்துக்குள்ளிருந்து உருவங்கள் வெளியே வருகின்றன. அந்தத் தட்டச்சு அறையில் நான் ரொம்ப நேரம் நின்றேன். எழுதியவனின் வலி இல்லாமல் அவன் நடை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம். சாகாவின் மகளைப் பற்றிய என் கேள்வி அப்போது நினைவுக்கே வரவில்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு தியரி எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். திறக்காத கதவு, வெட்டி எறிந்த வசனம், கேமின் கோப்புகளைக் குடைகிற டேட்டாமைனிங்கில் கிடைத்த பெயர் இவற்றையெல்லாம் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. பாதியில் திரையை விட்டு நகர்ந்தவர்களைக் குறித்துக்கொள்கிறேன். நாம் பார்க்காத நேரத்தில் அவர் எங்கே இருந்தார், என்ன பார்த்தார்? முக்கியமாக, நம்மை எப்படிப் பார்த்தார்?

கடைசிக் கேள்வியின் கனம் எனக்கு பி.டி. வழியாகத்தான் தெரிந்தது. 2014 ஆகஸ்ட்டில் வந்து, அடுத்த ஆண்டு ஏப்ரலில் கடையிலிருந்து தூக்கப்பட்ட அந்தச் சிறிய டெமோ. வளைந்த ஒரே நடைக்கூடம், திரும்பத் திரும்ப. அது முன்னோட்டம் காட்டிய முழு கேம் ரத்தாகிவிட்டது, ஆகவே டிஎல்சிக்கெல்லாம் வழியே இல்லை. விளையாடும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பதுபோலவே இருக்கும். ஒலியமைப்பின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். 2019-இல் ஒருவர் கேமராவைக் கேமின் பிடியிலிருந்து கழற்றிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். டார்ச் விளக்கு கைக்கு வந்த நிமிடத்திலிருந்து, லிசா என்ற அந்தப் பெண் நம் முதுகோடு ஒட்டியபடியே வருகிறாள். ஐந்து வருடம் எல்லாரும் முன்னால் பார்த்துக்கொண்டு தியரி எழுதியிருக்கிறோம்.

சரி, இப்போது என் தியரி. இந்தத் தடவை நோட்டில் ஒரே பக்கம்தான்.

சைலன்ட் ஹில் 2-க்கு ஒரு கூடுதல் கதை எழுதினால் அது மரியாவுடையதோ ஏஞ்சலாவுடையதோ ஆக வேண்டாம். லாராவுடையது. எட்டு வயதுச் சிறுமி. மருத்துவமனையில் மேரியோடு பழகியவள், அவளைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். போன வாரம்தான் எட்டு முடிந்தது என்று அவள் சாதாரணமாகச் சொல்கிற இடத்தில்தான், மேரி செத்து மூன்று வருடம் என்ற ஜேம்ஸின் பொய் ஆட்டம் காண்கிறது. அவள் கண்ணில் பூதம் எதுவும் படுவதாகத் தெரிவதில்லை. அத்தனை பயங்கரத்துக்கு நடுவே சுவர்மேல் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள், ஓடுகிறாள், ஜேம்ஸ் கம்பிக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுக்கப் பார்த்தால் சாவியை உதைத்துத் தள்ளிவிட்டு அவன் கையை மிதிக்கிறாள். குற்றம் செய்யாதவளுக்கு இது வெறும் ஊர், ஆள் நடமாட்டம் இல்லாத ஊர், அவ்வளவுதான் என்பது பலரும் ஒப்புக்கொண்ட வாசிப்பு.

அப்படியானால் அந்த டிஎல்சியில் சண்டை போட எதுவும் இல்லை. இதை யார் எடுப்பார்கள், யார் வாங்குவார்கள் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பயப்பட மட்டும் நிறைய இருக்கும். காலியான தெருவில் இரும்புக் குழாயோடு ஓடிவருகிற ஒருவன், எதிரே ஒன்றுமே இல்லாத இடத்தில் குழாயை வீசுகிறான், கீழே விழுந்ததாக நினைக்கிற எதையோ மிதிக்கிறான். கத்தியை இறுகப் பிடித்தபடி தனக்குத்தானே மன்னிப்புக் கேட்கிற ஒரு பெண். பீட்சா தின்றுகொண்டே, தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களைப் பற்றிப் பேசுகிற எடி என்ற ஒருவன். எட்டு வயதுக்குத் தெரிகிற பெரியவர்கள் இவர்கள் மூவர்தான்.

இதிலும் சந்தேகம் செத்துவிடுமே, பூதம் இல்லை என்று தீர்ந்துவிடுமே என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தீராது என்றுதான் தோன்றுகிறது. லாராவுக்கு இந்த ஊர் தெரிந்ததே மேரி சொல்லித்தான். நோய்ப் படுக்கையில் கிடந்தபடி, ஏரியும் ஹோட்டலும் எவ்வளவு அழகு என்று ஏங்கியவள் சொன்ன ஊர். லாரா பார்க்கிற அந்த அமைதியான ஊரும் நிஜம் என்று யார் சொன்னது? அவள் மேரியின் சைலன்ட் ஹில்லில் நடந்துகொண்டிருக்கலாம்.

நான் எழுதி வைத்திருப்பது ஒரே ஒரு காட்சிதான். மருத்துவமனை. மூலக் கேமில் அது ஜேம்ஸின் பக்கமிருந்து நமக்குத் தெரியும்: லாரா ஒரு பொருளை எடுத்துத் தரச் சொல்லி அவனை ஓர் அறைக்குள் அனுப்புகிறாள், வெளியிலிருந்து பூட்டிவிடுகிறாள், உள்ளே கூரையிலிருந்து சதைப் பிண்டங்கள் இறங்கி அவன் கழுத்தைப் பிடிக்க வருகின்றன. என் டிஎல்சியில் நாம் தாழ்ப்பாளைப் போடுகிற சின்னக் கை. அது காலி அறை, இப்போதுதான் எட்டிப் பார்த்தோம். சும்மா விளையாட்டுக்கு. சிரித்துக்கொண்டே கதவில் காதை வைக்கிறோம். திட்டுவான், கதவைத் தட்டுவான் என்று எதிர்பார்க்கிறோம். உள்ளே துப்பாக்கி வெடிக்கிறது.